மீன் தொட்டியில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா

அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. காப்பித் தம்ளரோடு கூடத்துக்கு வந்து வழக்கம்போல மீன் தொட்டிக்கு முன்னால் நின்றேன். நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏஞ்சல் மீன்கள் இரண்டும் ஒருக்களித்து மேலே மிதந்தன. கறுப்பு டெட்ரா பதினொன்று வைத்திருந்தேன். பதினொன்றும் மணலில் கிடந்தன. ஒரு வாள்வால் மீன் துள்ளி வெளியே விழுந்து சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்த ஏழெட்டும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக்கொண்டு, செவுள் படபடக்கத் தவித்தன.

தம்ளர் எப்போது நழுவியதென்று தெரியாது. பாதத்தில் சூடு பட்டதே அப்புறம்தான் உறைத்தது.

முந்தின நாள் சாயங்காலம் தீனி போட்டபோது அத்தனையும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஒன்றின் உடம்பிலும் வெள்ளைப் புள்ளி இல்லை, எதற்கும் துடுப்பு அழுகவில்லை. கரண்டும் போகவில்லை. காற்று மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னே என்ன கேடு வந்தது?

தண்ணீருக்குள் கையை விட்டேன். விரலோடு விரலைத் தேய்த்தால் சவுக்காரம் போட்ட மாதிரி வழுக்கியது. பள்ளிக்கூடப் பையில் ஒன்பதாம் வகுப்புக்காக வைத்திருந்த சிவப்பு லிட்மஸ் தாள் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து நனைத்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் செய்து காட்டும்போதுகூட அது அத்தனை சீக்கிரம் நீலமானதில்லை. யாரோ தண்ணீரில் காரத்தைக் கொட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ரயிலில் என் அப்பா வருகிறார். கல்யாணத்தை ஒட்டி வந்துவிட்டுப் போனவர், நாலு வருஷம் கழித்துப் போடிக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவர் கையால் செய்து கொடுத்த தொட்டி அது.

பீரோ வரும் என்று பார்த்தார்கள்

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது சீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிட்டேன். வேண்டுமென்றேதான் தாண்டினேன். இப்போது சொல்லாவிட்டால் கதை நகராது.

அப்பா மதுரையில் ரயில்வே குமாஸ்தா. குடி, சீட்டு ஒன்றும் கிடையாது. மீன் ஒன்றுதான் அவருக்குப் பைத்தியம். இரும்புச் சட்டம் வெட்டி, பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்து, கண்ணாடி இடுக்கில் தண்ணீர் கசியாமல் மக்கு அப்பி மூன்றடித் தொட்டி ஒன்றை எனக்காகச் செய்தார். கல்யாணத்துக்கு மறுவாரம் அதை ரயிலில் ஏற்றி, போடி வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பீரோ வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். சாக்கை அவிழ்த்ததும் ஒருத்தி, "மதுரைக்காரக மீனைச் சீராக் கொண்டாந்திருக்காக, கொழம்புக்கு ஆச்சு" என்றாள். வீடே சிரித்தது. அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. என் மாமனார் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தவர்களை அதட்டவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அப்பா சாப்பிடாமலேயே அடுத்த வண்டிக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு எத்தனை கடிதம் எழுதியும் வரவில்லை.

அதனால் அந்தத் தொட்டியை நான் எப்படி வைத்திருந்தேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு மீன் செத்தாலும் என் மானம் போன மாதிரி. வீம்புதான், வேறென்ன.

தண்ணீரைப் பழக்குவது

மீன் வளர்ப்பது என்றால் பொட்டுக்கடலை மாதிரி தீனியை விசிறிவிட்டு வேடிக்கை பார்ப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. மீனை யார் வளர்க்கிறார்கள்? தண்ணீரை வளர்க்க வேண்டும். தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

போடிக் குழாயில் வருவது குரங்கணிப் பக்கத்து மலைத் தண்ணீர். குடித்தால் இனிக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அப்படிப்பட்ட தண்ணீருக்கு எதையும் தாங்குகிற தெம்பு கிடையாது. துளி புளிப்போ துளி காரமோ பட்டால் உடனே குணம் மாறிவிடும். நகராட்சி பிளீச்சிங் பவுடர் போடும் நாளில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீனுக்குச் செவுள் வெந்துவிடும். இரண்டு நாள் சிமெண்டுத் தொட்டியில் பிடித்துவைத்து, வாசனை போன பிறகு, வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மட்டும் மாற்றுவேன். பித்தளை அண்டாவில் பிடிக்கவே மாட்டேன், செம்பு மீனுக்கு ஆகாது. அத்தைக்கு, என் மாமியாருக்கு, இதெல்லாம் வேடிக்கை. பிள்ளைத்தாச்சிக்குக்கூட இவ்வளவு பத்தியம் பார்க்கமாட்டார்களே என்பார்.

மீன் கழிவை உரமாக எடுத்துக்கொண்டு செடி வளரும். செடி வளர்ந்தால் தண்ணீர் தெளியும். நாடா மாதிரி நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாவும், சிலமலைக் கண்மாயிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசியும் வைத்திருந்தேன். மூன்றரை வருஷம் கிளிப்பச்சையாக நின்றன.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு மலை இருட்டிக் கிடந்தது. ஜன்னலில் வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. இலை நுனி மஞ்சளடிக்க ஆரம்பித்து அடி வரைக்கும் இறங்கியது. வெளிச்சம் வந்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்பா வருவதாகக் கடிதம் போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அத்தையிடம் வாய்விட்டுப் புலம்பினேன். "இலையெல்லாம் இப்படி மஞ்சளாக் கிடக்கே, எங்கப்பா பார்த்தா என்ன நினைப்பார்?"

மாமா அப்போது கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும் என்றே நான் நினைக்கவில்லை. விழுந்தால்தான் என்ன, அவர் என்ன என்னிடம் பேசப் போகிறாரா?

சுவரோடு பேசிய மனிதர்

மாமா என்னிடம் பேசமாட்டார். நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

மாமனார் மருமகளிடம் அளவாகப் பேசுவது அந்தப் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். ஆனால் ராசிங்காபுரத்தில் இருக்கும் மூத்த மருமகள் வந்தால் வாசலிலேயே "வா ஆத்தா" என்பார். அவள் அவருடைய அக்காள் மகள். தூக்கி வளர்த்த பிள்ளை. என்னிடம் தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "குடிக்கத் தண்ணி கெடைக்குமா" என்பார். நான் கொண்டுபோய் வைப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்.

எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மதுரைக்காரி, படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், மீன் தொட்டியோடு வந்தவள் என்றுதான் ஒதுக்குகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டால் போதும், அப்புறம் நானும் இந்த வீட்டு மனுஷிதான் என்று ஏங்கியிருக்கிறேன். வெளியே காட்டிக்கொள்ளமாட்டேன். நான்தான் வீம்புக்காரியாச்சே.

மாமா முப்பது வருஷத்துக்கு மேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் பார்த்தவர். ஸ்டோர் என்றால் கடையில்லை. பச்சை ஏலக்காயை வேகவைக்காமல், வாட்டாமல், பதமான சூட்டில் உலர்த்துகிற கட்டிடம். சுவருக்குச் சுவர் தகரக் குழாய் ஓடும். வெளியே விறகு எரியும், உள்ளே குழாய் கொதிக்கும். மாமா உள்ளே போய்ப் புறங்கையை நீட்டிப் பார்த்து, இன்னும் ரெண்டு கட்டை வை, ஒரு கட்டையை இழு என்பாராம். வெப்பமானி வந்த பிறகும் அவர் கையைத்தான் மேனேஜர் கேட்பாராம். இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முட்டி வலி வந்து ஒரு வருஷமாக அவர் மலையிறங்கி வீட்டோடு இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறித்த காயை நேராக உலர்த்தினால் நிறம் வெளுத்துப்போகும். அதனால் முதலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போடுவார்கள். அந்த ஊறல்தான் பச்சையைப் பிடித்து நிறுத்தும். பச்சையாக இருக்கிற காய்தான் போடிச் சந்தையில் முதல் தரம். வெளுத்த காயை ஏலத்தில் சீண்டமாட்டார்கள். மாமாவின் சோடா அளவுக்கு மலை பூராவும் பேர். மஞ்சளாகிற எதையும் பச்சையாக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இதை நான் அன்று காலை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான் சொன்ன சொல்

நனைந்த லிட்மஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டாண்டின் மூலையில் வெள்ளைத் தூள் சிந்தியிருந்தது. தொட்டுப் பார்த்தால் சலவைச் சோடா.

எனக்கு உடனே அத்தை ஞாபகம்தான் வந்தது. அத்தை எதைக் கண்டாலும் சோடா போட்டுத் தேய்க்கிறவர். சம்மந்தி வருகிறார் என்று கண்ணாடியைத் தேய்க்கப் போய்க் கொட்டிவிட்டார், அல்லது வேண்டுமென்றே கொட்டினார். ஆமாம், அப்படியும் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அத்தை மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வியாபாரத்துக்கு ஏலக்காய் வாங்கப் பூப்பாறைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. மாமா டீக்கடையில் இருப்பார் என்று நினைத்தேன். வீட்டில் யாரும் இல்லை என்கிற தைரியத்தில், நடுக் கூடத்தில் நின்றுகொண்டு கத்தினேன்.

"இதைச் செஞ்ச கை வெளங்காமப் போகணும்!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கொல்லைக் கதவு கிரீச்சென்றது. மாமா உள்ளே வந்தார். பல்குச்சி வாயில் இருந்தது. அதை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, நேராக என் முன்னால் வந்து நின்றார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வலது கையை நீட்டினார். ரேகை இடுக்கில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது.

"ஆத்தா, நீ சொன்ன கை இதுதேன்."

அந்த நிமிஷத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆத்தா என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். எதற்காக ஏங்கிக் கிடந்தேனோ அது கிடைத்துவிட்டது. எந்த வாயால் பதில் சொல்வது?

அவர்தான் பேசினார். விடிந்ததும் எழுந்து ஒரே ஒரு கைப்பிடி போட்டாராம். மீன் இருக்கிறதே என்று ஸ்டோர் அளவில் நூறில் ஒரு பங்குகூடப் போடவில்லையாம். "ஒங்கப்பா நாளைக்கு வர்றாக. எல மஞ்சளாக் கெடந்தா, நம்ம பிள்ளைய இங்க வாட வச்சிருக்காகன்னு நெனைப்பாகள்ல. அதேன் போட்டேன்."

நான் அழவில்லை. அழுகை வருகிற அளவுக்குக்கூட எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

நாலு தம்ளர்

தவித்த மீன்கள்தான் எங்களை உசுப்பின. மாமா, "இனி என்ன செய்ய, சொல்லு, வெரசாச் செய்வோம்" என்றார். காரத்துக்குப் புளியைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டார். நான் வேதியியல் டீச்சர், எனக்கும் எலுமிச்சம்பழம் பிழியத்தான் கை பரபரத்தது. ஆனால் காரத்தில் வெந்த மீனைச் சட்டென்று நல்ல தண்ணீரில் போட்டாலும் செத்துப்போகும், புளிப்பில் போட்டாலும் செத்துப்போகும். மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று திக்கினேன்.

"ஸ்டோர்ல சூட்டைப் பொசுக்குன்னு எறக்குனா காய் வெடிச்சிரும். அதுமாதிரியா?" என்றார்.

"ஆமா மாமா, அதேதான்" என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் பதில் அது.

உயிரோடு இருந்தவற்றைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினோம். சிமெண்டுத் தொட்டியில் பழகிய தண்ணீரை மோந்து வந்து கால் மணி நேரத்துக்கு நாலு தம்ளராக ஊற்றினோம். நான் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பேன். அவர் குந்த முடியாத முட்டியோடு குந்தி, ஒவ்வொரு மீனின் செவுளையும் பார்த்துக்கொண்டு, இது மூச்சு நிதானமாகுது, இது தேறாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தேறாது என்றவை தேறவில்லை.

அத்தை மாவுத் தூக்கோடு திரும்பி வந்து, நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாளிக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மீன் செத்ததைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி. தூக்கைக் கீழே வைக்காமலே ரொம்ப நேரம் நின்றார்.

மத்தியானத்துக்குள் ஐந்து தேறின. நாலு மோலி, ஒரு கவுராமி. மோலி கொஞ்சம் காரத்தைத் தாங்கும். கவுராமி மேலே வந்து காற்றைக் குடிக்கும். மற்றவற்றை மாமா தன் துண்டில் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லை வாழையடியில் புதைத்தார். மறுநாள் விடிவதற்குள் செடிகள் கூழாகிவிட்டன; அவற்றை அள்ளி எறிந்து, பழகிய தண்ணீரை நிரப்பி ஐந்து மீனையும் தொட்டியில் விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்

அப்பா செருப்பைக் கழற்றியதும் தொட்டியைத்தான் பார்த்தார். மொட்டை மணலும் ஐந்து மீனும். முகம் அப்படியே விழுந்துவிட்டது. தண்ணீர் மாற்றும்போது என் கைத்தவறு என்று ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள் மாமா குறுக்கே வந்தார்.

"இல்ல சம்மந்தி. நாந்தேன் கெடுத்தேன்."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மஞ்சள் இலையிலிருந்து கைப்பிடிச் சோடா வரைக்கும், ஏன் போட்டார் என்பது வரைக்கும். அன்று சீரைப் பார்த்து ஊர் சிரித்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது தன் பிழை என்றும், அதற்கப்புறம் படித்த பிள்ளையிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியாமல்தான் சுவரைப் பார்த்ததாகவும் சொன்னார். நான் அடுப்படி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு வருஷமும் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்திருக்கிறேனே!

அப்பா மெதுவாக, ஏலக்காய்க்குச் சோடா என்ன கணக்கு என்று கேட்டார். சாப்பாட்டு நேரம் வரைக்கும் இரண்டு பேரும் பேசினார்கள். அந்தத் தடவை அப்பா இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் மாமா சொல்லவில்லை. நான் விட்ட சாபத்தை அப்பாவிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை.

மறுபடி செடி வைத்தோம். மீன் வாங்கினோம். பேச ஆரம்பித்த மாமா அப்புறம் நிறுத்தவேயில்லை. மழை வந்தால் ஜன்னல் வெளிச்சம் போதுமா என்பார், பிளீச்சிங் வாசனை போயிருச்சா என்று மோந்து பார்ப்பார், எந்த மீன் தீனியெடுக்கவில்லை என்று எனக்கு முன்னால் கண்டுபிடிப்பார். ஆனால் தொட்டிப் பக்கம் வரும்போதெல்லாம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் பிடித்துக்கொள்வார். நான் அதை ரொம்ப நாள் கவனிக்கவில்லை. ஒரு நாள் தீனி டப்பாவை நீட்டி, நீங்க போடுங்க மாமா என்றேன். அவர் கை முன்னால் வரவேயில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்படியே காலில் விழுந்துவிட்டேன்.

"கோவத்துல சொன்னது, எனக்குத் தெரியாதா ஆத்தா. எந்திரி" என்றார். "ஆனாலும் மீனுக்குப் பக்கத்துல இந்தக் கை வேணாம்."

எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன். சாகிற வரைக்கும் அப்படித்தான் நின்றார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஸ்டோரில் மேற்பார்வை பார்த்த காலத்துப் பழக்கம் போலிருக்கிறது என்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.